என்-400 (அமெரிக்கக் குடியுரிமை மனு) பாதிக் கட்டணம்: ராத்தா குடும்பத்துக்குக் கிடைக்குமா? ஊர்ல இருந்து என்ன பேப்பர் அனுப்பணும்?

கீழக்கரை_தம்பி

அஸ்ஸலாமு அலைக்கும். விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

ராத்தா (அக்கா) குடும்பம் அமெரிக்காவுல நியூஜெர்சியில இருக்கு. ராத்தா, மச்சான், பிள்ளைங்க ரெண்டு பேர் (15 வயசு, 9 வயசு), மச்சானோட உம்மா, ஆக 5 பேர் ஒரே வீடு. ராத்தா, மச்சான், பிள்ளைங்க நாலு பேருக்கும் கிரீன் கார்டுல போட்டிருக்கிற தேதி 2021 மே 12. மச்சானுக்குக் கடையில வருஷச் சம்பளம் 58,000 டாலர், ராத்தா பார்ட் டைம்ல 19,000. அதுக்கு மேல வருமானம் இல்ல. சிட்டிசன்ஷிப் மனு போடலாம்னு இருக்காங்க, ஆனா ரெண்டு பேருக்கும் சேர்த்து பீஸ் மட்டும் 1,400 டாலர் தாண்டுதுன்னு யோசிக்கிறாங்க.

என் கேள்வி: பாதி பீஸ் உண்டுன்னு சொல்றாங்களே, இந்த வருமானத்துக்குக் கிடைக்குமா? அதுக்குத் தனி படிவமா? இன்னொண்ணு, ராத்தா 2023-ல வாப்பா மவுத்தானப்ப வந்துட்டு, உம்மாவோட இத்தா (கணவர் மவுத்தான பிறகு மனைவி காத்திருக்கிற காலம்) முடியிற வரைக்கும், அதுக்கு மேலயும் இருந்தாங்க. பிப்ரவரி 10 வந்து செப்டம்பர் 14 திரும்பினாங்க. இது பிரச்சினையா? இங்க ராமநாதபுரத்துல ஒரு ஏஜென்ட், பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, போலீஸ் சான்றிதழ், கலெக்டர் ஆபீஸ்ல வருமானச் சான்றிதழ் எல்லாம் வேணும், 40,000 ரூபாய் ஆகும்ங்கிறார். எடுக்கவா வேண்டாமா?

மனு_மேசை

வ அலைக்கும் ஸலாம் தம்பி. ஏஜென்டுக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். ஏன்னு பின்னால பார்ப்போம், முதல்ல பீஸ்.

2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிற கணக்கு இது. என்-400 ஆன்லைனில் போட்டால் 710 டாலர், தாளில் போட்டால் 760, குறைந்த கட்டணம் 380. கைரேகைக்கு முன்பு தனியாக 85 டாலர் வாங்கினார்கள், இப்போது அது உள்ளேயே அடங்கிவிட்டது. யூடியூபில் கிடக்கிற பழைய வீடியோக்களில் ‘ஐ-942 படிவம், 405 டாலர், வருமானம் 150-லிருந்து 200 சதவீதத்துக்குள்’ என்று சொல்வார்கள். அதெல்லாம் 2024 மார்ச்சோடு முடிந்த கதை. ஐ-942 என்ற படிவமே இப்போது இல்லை. அந்தக் கேள்விகளை என்-400-க்குள்ளேயே பகுதி 10 என்று சேர்த்துவிட்டார்கள். வரம்பும் வறுமைக்கோட்டு அளவில் 400 சதவீதம் வரை உயர்ந்துவிட்டது. இது பலருக்குத் தெரியாமல் முழுப் பணத்தையும் கட்டிவிட்டுப் போகிறார்கள். ‘பாதி பீஸ் ஏழைகளுக்குத்தானே’ என்று நினைப்பதுதான் காரணம். நடுத்தரச் சம்பளக்காரர்கள் பலரும் இதற்குள் வந்துவிடுவார்கள்.

கணக்கு இப்படி. 2025-ஆம் ஆண்டு வறுமைக்கோட்டுப் பட்டியலில், அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த மாநிலங்களுக்கு, ஒரு ஆளுக்கு 15,650 டாலர். கூடுதலாக ஒவ்வொரு ஆளுக்கும் 5,500. 5 பேர் வீட்டுக்கு 37,650. அதை 4-ஆல் பெருக்கினால் 1,50,600. உங்கள் ராத்தா வீட்டு வருமானம் 77,000. வரம்பில் பாதிதான் வருகிறது. பட்டியல் ஒவ்வொரு வருஷத் தொடக்கத்திலும் மாறும், மனு அனுப்புகிற அன்று எது நடப்போ அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆள் எண்ணிக்கையில்தான் கவனம் வேண்டும். மனுதாரர், கூட வசிக்கிற கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குக் கீழே கல்யாணமாகாத பிள்ளைகள், கூட வசிக்கிற மனுதாரரின் தாய் தகப்பன், டாக்ஸ் ரிட்டர்னில் சார்ந்திருப்பவராகக் காட்டிய மற்றவர்கள், இவர்கள்தான் கணக்கில் வருவார்கள். மச்சானுடைய மனுவில் அவருடைய உம்மா நேராகக் கணக்கில் சேர்ந்துவிடுவார். ராத்தாவுடைய மனுவில் அவர் மாமியார்தானே, தாய் இல்லையே. கூட்டு டாக்ஸ் ரிட்டர்னில் மாமியைச் சார்ந்திருப்பவராகக் காட்டியிருந்தால் 5 என்று எழுதலாம். காட்டவில்லையென்றால் 4 என்றே எழுதுங்கள். 4 பேருக்கு வரம்பு 1,28,600, அதிலும் தாராளமாகத் தகுதி உண்டு. தகுதி கைக்குள்ளேயே இருக்கும்போது ஒரு தலையை வீணாகக் கூட்டிக் கேள்வி வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

வருமானத்தை எழுதும்போது வீட்டில் சம்பாதிக்கிற எல்லோருடையதும் சேர வேண்டும். ‘மனு என்னுடையது, அதனால் என் 19,000 மட்டும்’ என்று ராத்தா எழுதக் கூடாது. ஊருக்கு மாசாமாசம் அனுப்புகிற பணத்தைக் கழிக்கவும் முடியாது. பகுதி 10-ல் மொத்த வருமானம், வீட்டில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள், குடும்பத் தலைவர் யார், இவ்வளவுதான் கேட்பார்கள். ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். ஆதாரத்துக்குக் கடைசி வருஷ டாக்ஸ் ரிட்டர்ன், டபிள்யூ-2 (முதலாளி தருகிற வருஷச் சம்பளச் சான்று), சமீபத்திய சம்பளச் சீட்டுகள். ரிட்டர்ன் நகல் கையில் இல்லையென்றால் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் தளத்தில் டிரான்ஸ்கிரிப்ட் இலவசமாக இறக்கலாம்.

இனி, எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்றால்:

குறைந்த கட்டணம் கேட்கிறவர்கள் ஆன்லைனில் போட முடியாது. தாளில்தான். அவசரப்பட்டு ஆன்லைனில் 710 கட்டிவிட்டு, பிறகு ‘எனக்குத் தகுதி இருக்கிறதே, மீதியைக் கொடு’ என்றால் திரும்ப வராது.

2025 அக்டோபர் 28-க்குப் பிறகு தாள் மனுவோடு செக், மணி ஆர்டர் வைத்தால் வாங்க மாட்டார்கள். கார்டு என்றால் ஜி-1450 படிவம், வங்கிக் கணக்கிலிருந்து நேராக என்றால் ஜி-1650 படிவம், நிரப்பிக் கையெழுத்துப் போட்டு மனுவுக்கு மேலே வைக்க வேண்டும். கார்டும் கணக்கும் அமெரிக்க வங்கியுடையதாக இருக்க வேண்டும். நம் ஊர் வங்கிக் கார்டு செல்லாது. கார்டில் பணம் எடுக்கப் போகும்போது ‘டிக்ளைன்’ ஆனால் மொத்த மனுவும் திரும்பி வந்துவிடும். அதனால் கார்டு வங்கிக்கு முன்கூட்டியே ஒரு போன் போட்டு, இந்த மாதிரி 380 டாலர் அரசாங்கத்துக்குப் போகும், தடுக்காதே என்று சொல்லி வைப்பது நல்லது.

ரெண்டு பேர் மனுவுக்கும் ஒரே ஜி-1450-ல் 760 என்று எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். தப்பு. ஆளுக்கு ஒரு என்-400, ஆளுக்கு ஒரு 380, ஆளுக்கு ஒரு செட் டாக்ஸ் நகல். முடிந்தால் தனித்தனி உறையிலேயே அனுப்புங்கள். ஒருவர் மனுவில் உள்ள குறை மற்றவர் மனுவைப் பிடித்து இழுக்காது.

கையெழுத்து விட்டுப்போவது, படிவத்தின் பழைய பதிப்பைப் பயன்படுத்துவது, இவைதான் மற்ற காரணங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்புத் தேதி இருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே தேதியா என்று பாருங்கள், பழைய பிரிண்டையும் புதியதையும் கலந்து அடுக்கி அனுப்புகிறவர்கள் உண்டு. திரும்பி வந்த மனுவுக்குத் தாக்கல் தேதி கிடையாது. மறுபடி அனுப்பி அவர்கள் வாங்கிக்கொள்கிற நாள்தான் கணக்கு.

பாக்ஜலசந்தி

பீஸ் விஷயத்தை மனு_மேசை சொல்லிவிட்டார். எனக்கு ராத்தாவுடைய 2023 பயணம்தான் பெரிதாகப் படுகிறது. அதைத் தீர்க்காமல் 380-ஆ 760-ஆ என்று பேசிப் பயனில்லை.

பிப்ரவரி 10-லிருந்து செப்டம்பர் 14 வரை 216 நாள். 6 மாதத்தைத் தாண்டிவிட்டது, ஒரு வருஷத்தைத் தொடவில்லை. இங்கே ரெண்டு தனித்தனிக் கணக்கு இருக்கிறது, அதை எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, உடம்போடு அங்கே இருந்த நாட்கள். கடைசி 5 வருஷத்தில் 30 மாதம், நாள் கணக்கில் 913. ராத்தா இந்த ஒரு பயணம் மட்டும்தான் வந்தார் என்றால் இதில் ஒரு சிக்கலும் இல்லை.

ரெண்டாவது, தொடர்ச்சியான வசிப்பு. ஒரே பயணத்தில் 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், தொடர்ச்சி அறுந்துவிட்டது என்றுதான் அதிகாரி எடுத்துக்கொள்வார். அது அனுமானம்தான், ஆதாரம் காட்டி உடைக்கலாம். வருஷத்தைத் தாண்டியிருந்தால் அந்த வாய்ப்பும் இருந்திருக்காது.

உடைக்க என்ன வேண்டும்? அந்த 216 நாளும் கணவரும் பிள்ளைகளும் அமெரிக்காவிலேயே இருந்தார்களா என்பது முதல் கேள்வி. பிள்ளைகளின் பள்ளி வருகைப் பதிவு அதற்கு நல்ல சாட்சி. வீட்டு வாடகை ஒப்பந்தம், அந்த மாதங்களின் மின்சார பில், மச்சானின் சம்பளச் சீட்டு, ராத்தா வேலையை விட்டாரா லீவில் இருந்தாரா என்பதற்குக் கடிதம், இங்கே வந்து அவர் எந்த வேலையிலும் சேரவில்லை என்பது. 2023-க்கு டாக்ஸ் ரிட்டர்ன் வழக்கம்போல அங்கே வசிப்பவராகவே போட்டிருக்க வேண்டும். 1040-என்ஆர், அதாவது வசிக்காதவர் என்று போட்டிருந்தால் கதையே வேறு, அப்போது வக்கீலைப் பார்க்காமல் மனு போடக் கூடாது.

ஊரிலிருந்து உதவுகிற பேப்பர் என்றால் இங்கேதான். உங்கள் வாப்பாவின் இறப்புச் சான்றிதழ், நகராட்சி கொடுத்தது, தமிழும் ஆங்கிலமும் இருக்கும், மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. உம்மாவுக்கு அந்தச் சமயம் வைத்தியம் நடந்திருந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டுகள். ஆனால் ஒன்று யோசியுங்கள். இத்தா 4 மாதம் 10 நாள். அதிகாரி மீதி நாட்களுக்கு என்ன காரணம் என்று கேட்பார். அதற்குப் பதில் எழுத்தில் இருக்க வேண்டும். ஜமாஅத் கடிதம் தமிழில்தான் இருக்கும், அதைத் தந்தால் கூடவே ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் ‘இது முழுமையானது, சரியானது, எனக்கு ரெண்டு மொழியும் தெரியும்’ என்று ஆங்கிலத்தில் எழுதிப் பெயர், முகவரி, தேதியோடு போட்ட கையெழுத்தும் வேண்டும். நோட்டரி முத்திரை தேவையில்லை. முத்திரைக்கென்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இதெல்லாம் போதிய பலமாக இல்லையென்றால் காத்திருக்கிறதுதான் வழி. திரும்பிய 2023 செப்டம்பர் 14-லிருந்து 4 வருஷம் 6 மாதம் ஒரு நாள் கழித்து, அதாவது 2028 மார்ச் 15-ல் போட்டால், அந்த 5 வருஷத்துக்குள் விழுகிற வெளிவாசம் 6 மாதத்துக்குள் அடங்கிவிடும், அனுமானமே எழாது.

மச்சானுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் காத்திருக்க வேண்டாம். 5 வருஷம் முடிவதற்கு 90 நாள் முன்பே போடலாம் என்பதால் அவருக்கு முதல் நாள் 2026 பிப்ரவரி 11. ஒரு நாள் முந்திப் போட்டாலும் மனு அடிபடும், அதனால் நாலு நாள் தள்ளியே தபாலில் சேரட்டும். நியூஜெர்சியில் கடைசி 3 மாதம் வசித்திருக்க வேண்டும் என்பதும் உண்டு, சமீபத்தில் வேறு மாநிலத்திலிருந்து மாறியிருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘மச்சான் சிட்டிசன் ஆகிவிட்டால் ராத்தாவுக்கு 3 வருஷம் போதுமே’ என்று யாராவது சொல்வார்கள். அந்த 3 வருஷ விதிக்கு, கணவர் சிட்டிசனாகி 3 வருஷம் முடிந்திருக்க வேண்டும், அவ்வளவு காலமும் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். மச்சான் 2026-ல் ஆனால் 2029 வந்துவிடும். இவருக்கு அதில் லாபமில்லை.

மனு_மேசை

பாக்ஜலசந்தி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், இது பணம் மிச்சம் பண்ணுகிற விஷயம். பிள்ளைகளுக்குத் தனி மனு கிடையாது. 2000-ஆம் வருஷச் சட்டப்படி, தாய் தகப்பனில் ஒருவர் சிட்டிசன் ஆனாலே, கிரீன் கார்டோடு அவருடன் வசிக்கிற 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் தானாகவே சிட்டிசன் ஆகிவிடுவார்கள். மச்சான் சத்தியப்பிரமாணம் எடுக்கிற அன்றைக்கே. பெரிய பிள்ளைக்கு 15 ஆகிவிட்டது. மச்சான் ‘ராத்தாவோடு சேர்ந்தே போடுவோம்’ என்று 2028 வரை இழுத்தால் பிள்ளைக்கு 18 தாண்டிவிடலாம், தாண்டினால் அது தானே என்-400 போட்டுத் தானே பரீட்சை எழுத வேண்டும்.

தானாக ஆனதற்கு அத்தாட்சியாக என்-600 என்ற படிவம் இருக்கிறது, ஆன்லைனில் 1,335 டாலர். அதற்குப் பாதிக் கட்டணம் கிடையாது. அதை விட்டுவிட்டு நேராக அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்குப் போடலாம். 16 வயதுக்குக் கீழே என்றால் 135 டாலர். தகப்பனின் சிட்டிசன்ஷிப் சான்றிதழ், பிள்ளையின் கிரீன் கார்டு, பிறப்புச் சான்றிதழ் இவற்றைக் காட்ட வேண்டும். பிள்ளைகள் இங்கே பிறந்திருந்தால் பிறப்புச் சான்றிதழை இப்போதே சரிபார்த்து வையுங்கள். பிள்ளை பெயர் ஏறாமல் வெறும் ‘ஆண் குழந்தை’ என்று கிடக்கிற பதிவுகள் நிறைய. பெயர் ஏற்றாத சான்றிதழ் அங்கே உதவாது.

தங்கச்சிமடம்_ஜோ

ஏஜென்ட் சொன்ன பட்டியலைப் பார்த்துச் சிரிப்புதான் வருது.

5 வருஷக் கணக்குல போடுற என்-400-க்குப் பிறப்புச் சான்றிதழ் கேக்கவே மாட்டாங்க. கிரீன் கார்டு ரெண்டு பக்கமும் நகல், அவ்வளவுதான் அடிப்படை. அதையெல்லாம் கிரீன் கார்டு வாங்குறப்பவே கொடுத்தாச்சு. திருமணச் சான்றிதழ், கல்யாணத்தால பேர் மாறியிருந்தா வேணும், சிட்டிசனைக் கட்டி 3 வருஷத்துல போடுறவங்களுக்கு வேணும். முன்ன ஒரு கல்யாணம் முறிஞ்சிருந்தா அது முறிஞ்சதுக்கு அத்தாட்சி வேணும். இந்திய போலீஸ் சான்றிதழ் வேண்டாம். கலெக்டர் ஆபீஸ் வருமானச் சான்றிதழ் எதுக்குன்னு எனக்குப் புரியவே இல்ல. அது ஸ்காலர்ஷிப்புக்கு வாங்குறது, அமெரிக்காக்காரன் அவன் நாட்டு டாக்ஸ் பேப்பரைத்தான் பாப்பான். படிவம் எல்லாம் அமெரிக்கக் குடியேற்றத் துறை யுஎஸ்சிஐஎஸ் தளத்துல சும்மா கிடைக்குது. பணம் இல்லாம உதவி வேணும்னா அங்கேயே நீதித்துறை அங்கீகாரம் பெற்ற இலவச அமைப்புகள் இருக்கு, அவங்ககிட்ட போகச் சொல்லுங்க தம்பி.

நம்ம ஊர்க்காரங்களுக்குன்னே இருக்கிற தலைவலி பேர்தான். பாஸ்போர்ட்ல குடும்பப் பேர் கட்டம் காலி, எல்லாப் பேரும் முதல் பேர் கட்டத்துல. அப்படி வந்தவங்களுக்குக் கிரீன் கார்டுல முதல் பேருக்குப் பதிலா எஃப்என்யூன்னு (முதல் பேர் தெரியலைன்னு அர்த்தம்) விழுந்திருக்கும். இன்னும் சிலருக்கு வாப்பா பேர் குடும்பப் பேரா ஏறி, எல்லாரும் அவங்களை வாப்பா பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. இதைச் சரி பண்ண என்-400-லயே பேர் மாத்துறதுக்கு இடம் இருக்கு, தனி பீஸ் இல்ல. ஆனா நீதிபதி முன்னால சத்தியப்பிரமாணம் எடுக்கிறவங்களுக்குத்தான் அது நடக்கும், அதனால நாள் கொஞ்சம் தள்ளலாம். மாத்துனா அந்தக் கோர்ட் தாளைப் பத்திரமா வைக்கணும். இங்க பட்டா, பாஸ்புக், ஆதார் எல்லாம் பழைய பேர்லதானே இருக்கு. பின்னால ஒரு பாகப்பிரிவினை வந்தா சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸ்ல ‘ரெண்டும் ஒரே ஆளுதான்’னு நிரூபிக்க அந்தத் தாள்தான்.

கீழக்கரை_தம்பி

ஜஸாக்கல்லாஹ் ஹைர் எல்லாருக்கும். மச்சானை பிப்ரவரியில போடச் சொல்லிடறேன். ராத்தா பள்ளி ரிக்கார்டு, வாடகை ஒப்பந்தம் எடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணட்டும்.

மாமியையும் கேட்டுட்டாங்க, அதனால அதையும் கேட்டுடறேன். மாமிக்கு 67 வயசு. மச்சானோட அண்ணன் மூலமா 2008-லயே கிரீன் கார்டு. இங்கிலீஷ் சுத்தமா வராது, தமிழ் நல்லா வாசிப்பாங்க. வருஷா வருஷம் குளிருக்கு அஞ்சு மாசம் கீழக்கரைக்கு வந்துடுவாங்க. அங்க மெடிகெய்ட் (அரசாங்க மருத்துவ உதவி) இருக்கு. அவங்க போட முடியுமா?

பாக்ஜலசந்தி

முடியும். நாள் கணக்கு முதலில்: வருஷம் 5 மாதம் வெளியே என்றால் 5 வருஷத்தில் 25 மாதம், உள்ளே 35. 30 இருந்தால் போதும், தப்பித்துவிடுகிறார். ஒவ்வொரு பயணமும் 6 மாதத்துக்குக் கீழேயே இருப்பதால் ராத்தாவுக்கு வந்த பிரச்சினையும் இல்லை. ஆனால் ஓரத்தில் நிற்கிறார். ஒரு வருஷம் நோன்பு, பெருநாள், பேத்தி கல்யாணம் என்று இழுத்து ஏழு மாதம் ஆகிவிட்டால் தொடர்ச்சிக் கணக்கு கெடும், நாள் கணக்கிலும் மிச்சம் குறையும். மனு போட்டு முடிகிற வரை பயணத்தைச் சுருக்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்துப் போன தேதி, வந்த தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், உத்தேசமாக எழுதினால் அதிகாரியின் கணினியில் இருப்பதோடு முட்டும்.

பரீட்சை. மனு போடுகிற அன்று 55 வயதுக்கு மேல், கிரீன் கார்டோடு அங்கே வாழ்ந்தது 15 வருஷம் என்றால் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு. 50 வயது, 20 வருஷம் என்றாலும் அதேதான். குடிமைத் தேர்வை, அதாவது அந்த நாட்டு வரலாறு, அரசாங்கம் பற்றிய வாய்மொழிக் கேள்விகளை, தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே பதில் சொல்லலாம். மொழிபெயர்ப்பாளரை நாம்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அவர் ஜி-1256 படிவத்தில் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போடுவார், முன்கூட்டியே போட்டு எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

2025 அக்டோபர் 20 முதல் போடுகிற மனுக்களுக்குப் புதிய தேர்வு: 128 கேள்வி படிக்க வேண்டும், 20 கேட்பார்கள், 12 சரியாக வர வேண்டும். 12 சரியானதும், அல்லது 9 தப்பானதும் நிறுத்திவிடுவார்கள். தோற்றால் 60-லிருந்து 90 நாளுக்குள் இன்னொரு வாய்ப்பு, அதற்குத் தனி பீஸ் கிடையாது. 65 வயது தாண்டி, 20 வருஷம் கிரீன் கார்டு இருந்தால் மிகச் சுலபம்: 20 கேள்விதான் படிக்க வேண்டும், 10 கேட்பார்கள், 6 போதும். மாமிக்கு வயது இருக்கிறது, வருஷம் 2028-ல்தான் நிறையும். ஆகவே இப்போது போட்டால் 128, பொறுத்தால் 20. மறதி இல்லாதவர், தமிழ் வாசிப்பார் என்றால் நான் இப்போதே போடச் சொல்வேன். இந்தக் காலத்தில் விதி எப்போது மாறும் என்று யாருக்கும் சொல்ல முடியாது, 2025-ல் பரீட்சை கடினமானதைப் பார்த்தோமே. மறதி நோய் போன்றவை இருந்தால் டாக்டர் நிரப்பித் தருகிற என்-648 உண்டு, அது வேறு வழி.

மனு_மேசை

மாமிக்குப் பீஸே இல்லாமல் போகும். மெடிகெய்ட் வருமானம் பார்த்துக் கொடுக்கிற உதவி. அதைப் பெறுகிறவர் ஐ-912 படிவம் வைத்து முழு விலக்கு கேட்கலாம், அப்போது வீட்டு வருமானக் கணக்கையே காட்ட வேண்டியதில்லை. ஆதாரமாக மெடிகெய்ட் அட்டையை மட்டும் நகலெடுத்து அனுப்பி மனு திரும்பி வருவதுதான் இதில் வழக்கமான தப்பு. பயனாளி பெயர், கொடுக்கிற அலுவலகத்தின் பெயர், என்ன உதவி, எந்தத் தேதியிலிருந்து, இப்போதும் நடப்பில் இருக்கிறது என்பது, இவை அத்தனையும் உள்ள கடிதம் வேண்டும். மெடிகெய்ட் அலுவலகத்தில் கேட்டால் தருவார்கள். மெடிகேர் (முதியவர்களுக்கான மருத்துவக் காப்பீடு) வேறு, மெடிகெய்ட் வேறு; மெடிகேர் இதற்குச் செல்லாது, அட்டையில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

விலக்கு மறுக்கப்பட்டால் மனு அப்படியே திரும்பி வரும். அதையே பகுதி 10 நிரப்பி 380 வைத்து மறுபடி அனுப்பலாம். பீஸ் சலுகை கேட்டதால் மனுவுக்குக் கெடுதல் வருமோ என்று பயப்பட வேண்டாம்.

ராத்தா, மச்சானுக்கு இந்த முழு விலக்கு வருமானத்தின் பேரில் வராது. அதற்கு 150 சதவீதம்தான் வரம்பு, 5 பேருக்கு 56,475. இவர்கள் 77,000. ஆகவே 380-தான்.

முகாம்_வாசகர்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். இதே மாதிரி மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் உள்ளவர்கள் இந்தியக் குடியுரிமைக்குப் போட்டால் கட்டணச் சலுகை உண்டா?

பாக்ஜலசந்தி

அங்கே பிரச்சினை கட்டணம் இல்லை, மனு போடவே தகுதி உண்டா என்பதுதான். விசா இல்லாமல் படகில் வந்தவர்களைச் சட்டவிரோதமாகக் குடியேறியவர் என்ற வரையறைக்குள் வைத்திருப்பதால் பதிவு வழியும் இயல்புரிமை வழியும் அடைபட்டுக் கிடக்கிறது. ஆனால் 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர், பெற்றோர் யாராக இருந்தாலும். அவர் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க வேண்டியதே இல்லை, பாஸ்போர்ட்டுக்கு நேராகப் போடலாம். 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்தத் தேதியிலிருந்து 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர் என்றால் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ்தான் உயிர். மண்டபத்தில் பிறந்த எல்லோரும் முதலில் அதைத் தேடி எடுங்கள். விரிவாகப் பேச வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள்.

தங்கச்சிமடம்_ஜோ

தம்பி, கடைசியா நீங்க கேக்காத ஒண்ணு. மச்சான் சத்தியப்பிரமாணம் எடுத்த அந்த நிமிஷமே இந்தியக் குடியுரிமை போயிடும், நம்ம சட்டத்துல ரெட்டைக் குடியுரிமை கிடையாது. அதுக்கப்புறம் இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டி விமானம் ஏறினா அபராதம். வரிசை இதுதான்: சிட்டிசன்ஷிப் சான்றிதழ், அமெரிக்கப் பாஸ்போர்ட், இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைச்சுச் சரண்டர் சான்றிதழ், அப்புறம் ஓசிஐ (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா தர்ற அட்டை). ஓசிஐ-க்கு அரசாங்க பீஸ் மட்டும் ஆளுக்கு 275 டாலர். இதுல பாதிக் கட்டணம்லாம் கிடையாது, பிள்ளைகளுக்கும் சேர்த்து இப்பவே எடுத்து வைக்கணும். கிரீன் கார்டைச் சத்தியப்பிரமாணம் அன்னிக்கே வாங்கிடுவாங்க, ஆக நடுவுல சில வாரம் கையில பயணத்துக்கு ஒண்ணுமே இருக்காது. ஊர்ல கல்யாணம் காட்சி இருந்தா தேதியை அதுக்குத் தக்கபடி வைங்க.

‘சிட்டிசன் ஆயிட்டா உச்சிப்புளித் தோப்பு போயிடும்’னு ஒரு பேச்சு நம்ம பக்கம் எப்பவும் ஓடும். போகாது. இருக்கிறதை வச்சுக்கலாம், வாரிசா வர்றதையும் வாங்கிக்கலாம். புதுசா விவசாய நிலம், தோப்பு விலைக்கு வாங்க முடியாது, தான செட்டில்மென்ட்லயும் வாங்க முடியாது. அதுவும் புதுத் தடை இல்ல, கிரீன் கார்டுல வெளிநாட்டுல இருக்கிறப்பவே அதே விதிதான். உம்மா பேர்ல தோப்பு இருந்து பிள்ளைகளுக்கு எழுதி வைக்கணும்னா உயிலா எழுதச் சொல்லுங்க. விக்கிறதா இருந்தா இங்க வசிக்கிற இந்தியருக்குத்தான் விக்கலாம். மனைக்கட்டு, வீடு இதுக்கு இந்தத் தடை எதுவும் இல்ல. வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா படிவம் 7 கொடுத்து எடுத்துடுங்க, ரேஷன் கார்டுலயும் எடுத்துடுங்க.

கீழக்கரை_தம்பி

மாமியோட அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன், மெடிகெய்ட்னுதான் இருக்கு, மெடிகேர் தனி அட்டையா இருக்கு. கடிதத்துக்கு ராத்தா போன் பண்ணிட்டாங்க. பிள்ளைகள் பிறப்புச் சான்றிதழ்ல சின்னவனுக்குப் பேர் ஏறலை, நாளைக்கு நகராட்சிக்குப் போறேன்.

மனு_மேசை

போகும்போது பேர் எழுத்தைப் பிள்ளையின் கிரீன் கார்டில் இருக்கிறபடியே ஆங்கிலத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கவுன்டரில் அவர்களாக எழுதினால் ஓர் எழுத்து கூடும், குறையும். பிறகு அதைத் திருத்த வேறு அலைச்சல்.